கிடப்பில் கிடக்கும் அம்பாசடர் மார்க் 4: வாங்கிச் சரிசெய்யலாமா?

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபி, காங்கயம், பல்லடம் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவதொரு தோட்டத்துச் சாளையில் ஓர் அம்பாசடர் நிற்கும். டயர் நான்கும் மண்ணில் பதிந்திருக்கும், பானெட் மேல் தென்னமட்டை கிடக்கும். விலை கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அப்பாரு ஓட்டின வண்டிங்க. பேட்டரி போட்டா ஓடிருமுங்க.”

ஓடுமா என்பதை வைத்து அந்த வண்டியை எடைபோட வேண்டாம். கொங்குநாட்டில் அம்பாசடர் வாங்குபவருக்கு என்ஜின் கடைசிக் கவலையாக இருக்கட்டும். பம்பும் மோட்டாரும் செய்து பிழைக்கிற ஊர் இது. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர் வட்டாரத்து லேத் பட்டறைகளில் போர் போடவும் (தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து சீராக்க), கிராங்க் கிரைண்டிங் செய்யவும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தேய்த்துச் சீராக்க), ஹெட் ஃபேசிங் எடுக்கவும் (என்ஜின் மேல்மூடியின் அடிப்பரப்பை மட்டமாக்க) கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பணம் தின்பது அடித்தகடு. வண்டியை ரோட்டுக்கே வரவிடாமல் நிறுத்துவது காகிதம். இந்த இரண்டும் சரியாக இருந்து என்ஜின் கல்லாக இறுகிக் கிடந்தாலும் வாங்கலாம். என்ஜின் பூனைபோல ஓடி, அடித்தகடு மக்கியிருந்தால் விட்டுவிட்டு வர வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டது 1979-ல் வந்த மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல், ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி உள்ள ஹேண்ட் கியர் வண்டி. மார்க் 2, மார்க் 3 வண்டிகளுக்கும் உடம்பு, என்ஜின் பற்றிய பெரும்பகுதி பொருந்தும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடம்பைக் கொண்டு உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய இந்த வண்டி 2014 வரை வந்துகொண்டிருந்தது. அதனால்தான் அதே வயதுள்ள வேறு வண்டிகளைவிட இதற்கு உதிரிப்பாகம் எளிதாகக் கிடைக்கிறது. புதியது கிடைக்காத சாமானை உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடலாம். சீர்செய்ய முதன்முதலாக ஒரு பழைய காரை எடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி நம் பக்கம் இல்லை.

இனி தகடு. அம்பாசடருக்கு லாரி, ஜீப் மாதிரித் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே எடையைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவச் சில், காலடி ஃப்ளோர், முன்சீட்டுக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டம், பின்பக்கப் பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் கொக்கி இடங்கள் ஆகியவை போனால் வண்டி நடுவில் தொய்யும். மட்கார்டில் ஓட்டை விழுந்தால் அழகுதான் குறையும். சில் மக்கினால் முதுகெலும்பே போய்விடும்.

நம் பக்கத்து வறண்ட காற்று தகட்டுக்கு நல்லது. கடலோர வண்டியில் கூரை விளிம்பு, கதவு என மேலே தொடங்கும் துரு இங்கே அவ்வளவாக இருக்காது. இங்கே வண்டியைக் கெடுப்பவை வேறு. முதலாவது உர மூட்டை. ஓடாத காரை உரக் கிடங்காக்கி, டிக்கியிலும் பின்சீட்டிலும் பொட்டாஷ் அடுக்கிவிடுவார்கள். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டைத் தின்னும். டிக்கி மூலைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதற்கடியில் தகடு இல்லை என்றே கொள்ளுங்கள். இரண்டாவது கட்டுத்தரையை ஒட்டி நிறுத்தியிருப்பது. கோமியமும் சாணி ஈரமும் ஒரு பக்கச் சில்லை மட்டும் அரிக்கும், மறுபக்கம் புதிதுபோல இருக்கும். அதனால் வண்டியின் இருபுறமும் படுத்துப் பார்க்காமல் விலை பேசக்கூடாது. மூன்றாவது முன்கண்ணாடி ரப்பர். வெயிலில் வெடித்த ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, தரைவிரிப்புக்கு அடியில் உள்ள சணல் மெத்தையில் மாதக்கணக்கில் தங்கும். ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் நின்ற வண்டிக்கு இந்தக் கோளாறு அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மழையும் தோப்பு நிழலும் சேர்ந்து விரிப்பைக் காயவே விடாது. காங்கயம், தாராபுரம் பக்கத்து வண்டிக்கும் பொள்ளாச்சி பக்கத்து வண்டிக்கும் ஒரே விலை சொன்னால், மற்றவை சமமாக இருக்கும் பட்சத்தில் காங்கயத்து வண்டியை எடுங்கள்.

பார்க்கப் போகும்போது துணியில் சுற்றிய காந்தம், கூரான ஊசி அல்லது பழைய திருப்புளி, டார்ச், ஜாக்கி, ஒரு சாக்குப் பை, இவ்வளவு போதும். காந்தத்தைச் சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, சில், ஹெட்லைட்டைச் சுற்றிய இடம் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். விரிப்பை முழுக்கத் தூக்கி, ஃப்ளோர் சில்லோடு சேரும் மூலையில் ஊசியால் அழுத்துங்கள். நல்ல தகடு கணீரென்று எதிர்க்கும், மக்கிய தகடு நறுக்கென்று உள்வாங்கும். பேட்டரித் தட்டுக்குக் கீழே ஆசிட் ஒழுகிய தடம் இருக்கும். அதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம், சிறு வேலை.

பிறகு கதவுச் சோதனை. முன்கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கலாம். அது லேத்தில் புதுப் பின் போட்டால் தீரும். கதவோடு சேர்ந்து கீல் நிற்கும் தூணே அசைந்தால் அது வேறு கதை. அடுத்து கதவை மூடி, அதன் இடைவெளி மேலும் கீழும் எத்தனை என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்போது இடைவெளி மாறக்கூடாது. கதவு இறுகி, திறக்கவே மறுத்தால் அந்தக் கூட்டில் வலு இல்லை. ஜாக்கி வைத்த இடமே உள்ளே போனால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, உரிமையாளருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

படுத்திருக்கும்போதே முன்பக்க டார்ஷன் பார் இரண்டையும் பாருங்கள். நீளமான இந்தக் கம்பிகள்தான் முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங். அவற்றின் பின்முனை தரைக்கடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் பிடிக்கிறது. வண்டி ஒரு பக்கமாக மூக்கைச் சாய்த்து நின்றால் கம்பி தளர்ந்ததா, பிடிமானச் சட்டம் துருவில் கிழிந்ததா என்று பிரித்தறிய வேண்டும். முன்னது அட்ஜஸ்ட் செய்தால் நிமிரும். பின்னது பெரிய வெல்டிங் வேலை. கழற்றினால் இடது வலது மாறாமல் அடையாளம் போட்டு வையுங்கள். ஒரு திசையில் முறுக்கிப் பழகிய கம்பியை எதிர்ப்பக்கம் மாட்டினால் முறியும்.

எவ்வளவு துரு வரை ஏற்கலாம்? இரண்டு சில்லும் காலடித் தரையும் மட்டும் போயிருந்தால் 18 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு) எட்டுக்கு நான்கடியில் ஒன்று, வெளித்தகட்டு ஒட்டுக்கு 20 கேஜில் ஒன்று போதுமானது. அதற்கு மேல் தகடு கேட்கும் வண்டியை உதிரிப்பாகத்துக்காக மட்டும் வாங்குங்கள். கடையில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டைத் துருப்பிடிக்காது என்று நீட்டுவார்கள். வேண்டாம். அந்தத் துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் புகையாகி மூச்சுக்குக் கேடு, பற்றும் சரியாக நிற்காது, பெயின்டும் உரிந்து வரும்.

தகடு வெட்டி வளைத்து ஒட்டும் டிங்கர் வேலைக்கு நம் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. கரூர் பஸ் பாடி, நாமக்கல் லாரி பாடி கட்டிய கைகள் தகட்டை எந்த வளைவுக்கும் கொண்டுவரும். ஆனால் பஸ்ஸுக்கு அடியில் சேசிஸ் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் அம்பாசடரின் இரண்டு சில்லையும் ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட்டால் கூடு வளைந்துவிடும். பிறகு கதவு ஜென்மத்துக்கும் சேராது. வெட்டும் முன் ஒவ்வொரு கதவுத் திறப்பிலும் ஓர் அங்குல ஸ்கொயர் டியூபைக் குறுக்கே பற்றவைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கேஸ் வெல்டிங்கைவிட சி.ஓ.டூ. வெல்டிங் நல்லது, சூடு குறைவு. ஓர் அங்குலம் பற்றவைத்துவிட்டுத் தள்ளிப்போய் அடுத்த அங்குலம், பிறகு திரும்பி வந்து நடுவில் என்று போனால் தகடு நெளியாது. முடிந்ததும் சில்லின் கீழே தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்த்து, உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் பீய்ச்ச வேண்டும். பலரும் இதைச் செய்யாமல் விடுவதால்தான் அழகாக முடித்த வண்டி சில மழைக்காலத்திலேயே மறுபடி கீழிருந்து துருவேறுகிறது.

ஒரு எச்சரிக்கை. கோவை ஃபவுண்டரிகளில் ஷாட் பிளாஸ்டிங் வசதி கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று கதவையும் பானெட்டையும் அங்கே அனுப்பிவிடாதீர்கள். அது வார்ப்புக்கான வேகம். 20 கேஜ் தகடு அப்பளமாகிவிடும். வீல் டிஸ்க், சஸ்பென்ஷன் ஆர்ம் போன்ற கனத்த சாமான்களை மட்டும் அனுப்பலாம். வெளித்தகட்டுக்குப் பெயின்ட் ரிமூவரும் சுரண்டியும்தான். சுரண்டிய அன்றே எபாக்சி பிரைமர் ஏறிவிட வேண்டும். வெறுந்தகட்டின் மேல் நேரடியாகப் பட்டி போடுவது பட்டறைகளில் வழக்கம். பட்டி ஈரம் உறிஞ்சும், எனவே பிரைமருக்கு மேல்தான் அது வர வேண்டும்.

என்ஜினுக்கு வருவோம். நெடுநாள் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் கையால் சுற்றிப் பாருங்கள். முன்னும் பின்னும் சிறிதுசிறிதாக அசைத்தால் பெரும்பாலும் இளகும். செல்ஃப் மோட்டாரால் வம்புக்குச் சுற்றினால் ஒட்டிக்கொண்ட ரிங் உடையும், வால்வு வளையும். இளகிய பிறகு ஆயில் மாற்றி, பிளக் இல்லாமலேயே ஆயில் பிரஷர் ஏறும்வரை சுற்றி, அதற்கப்புறம்தான் பெட்ரோல். மார்க் 1, 2 வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்வது) இருப்பதுண்டு. பேட்டரி மாட்டுமுன் எந்த வயர் பாடியில் போகிறது என்று பாருங்கள்.

நம் பக்கத்து என்ஜின்களின் உண்மையான நோய் தண்ணீர். பல்லடம், அவினாசி, காங்கயம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை, அதாவது போர்த் தண்ணீரைப் பல ஆண்டு ரேடியேட்டரில் ஊற்றியிருப்பார்கள். அந்தச் சுண்ணாம்பும் உப்பும் பிளாக்கின் உள்ளே பாறையாகப் படியும், அதுவும் பின்கோடியில் நான்காம் சிலிண்டரைச் சுற்றி. வெளியே ரேடியேட்டரைப் புதிதாக மாற்றினாலும் வண்டி சூடாவது இதனால்தான். சோதிக்கச் சுலபமான வழி உண்டு. பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் வடிக்கும் டேப் இருக்கிறது, அதைத் திறங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டும் வரவில்லையென்றால் உள்ளே அடைத்திருக்கிறது. அப்படியானால் பிளாக்கின் துளைகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளான டம்மி பிளக்குகளை எல்லாம் தட்டியெடுத்து, கம்பியால் கிண்டி, கெமிக்கலில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அரித்த டம்மி பிளக்கைத் திரும்ப மாட்டவே கூடாது. வேலை முடிந்தபின் கூலன்ட் கலந்த சுத்த நீர்தான். அவசரத்துக்குக் குழாயில் வரும் சிறுவாணிக் குடிநீர் பரவாயில்லை, போர்த் தண்ணீர் ஒரு நாளும் கூடாது.

என்ஜினைப் பிரித்தால் பட்டறையில் சொல்ல வேண்டியவை இவை. போர் அளந்து, பிஸ்டன் எந்த ஓவர்சைஸில் (கடைந்த துளைக்கேற்ற பெரிய அளவில்) கிடைக்கிறது என்று பார்த்து, பிஸ்டன் கைக்கு வந்தபிறகே போர் போட வேண்டும். முதலில் போர் போட்டுவிட்டு அந்த சைஸ் பிஸ்டனுக்காக ஊர் ஊராக அலைவது வழக்கமாக நடக்கும் தொல்லை. ஏற்கெனவே கடைசி சைஸ் வரை போயிருந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் (புது உருளை) அடித்து ஸ்டாண்டர்டுக்குத் திரும்பலாம். கிராங்க்கும் அப்படித்தான், பேரிங் கிடைக்கும் சைஸுக்குத்தான் கிரைண்டிங். டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடம், 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு). ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2.

ஹெட்டைக் கழற்றும்போது எக்சாஸ்ட் வால்வு சீட்டுக்குக் கடினப்படுத்திய வளையம் அடித்துவிடுங்கள். இந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்தது. ஈயப்படிவம்தான் சீட்டைக் காத்துவந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். வார்ப்பிரும்பிலேயே வெட்டிய பழைய சீட் மெல்ல உள்வாங்கும், டேப்பட் இடைவெளி தானாகக் குறையும், ஒருநாள் வால்வு மூடாமல் எரிந்துபோகும். இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்னொரு சோதனை. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் எல்லாம் ஊதிப்போகும் அல்லது கரையும். எத்தனாலைத் தாங்கும் வைட்டன் ரப்பரில் ஹோஸ் வாங்கி மாற்றுங்கள். டாங்க்கை இறக்கித் துரு கழுவி, பம்புக்கு முன் ஒரு ஃபில்டர் வையுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்க்கில் அரைகுறையாகப் பெட்ரோல் விடக்கூடாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கிராங்க்கின் பின்முனையில் ஆயில் கசிவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அங்கே ரப்பர் சீல் கிடையாது, மரைபோல வெட்டிய பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு சொட்டு இயல்பு. கிளட்ச் வழுக்கும் அளவுக்கு ஒழுகினால் ரிங் தேய்ந்து உள்ளே காற்றழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள், சீலைத் தேடிப் பயனில்லை.

ஹேண்ட் கியரில் முதலும் ரிவர்ஸும் குழம்பினால் பெரும்பாலும் லிங்க் புஷ் தேய்மானம்தான். கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். முதல் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போதே சத்தமின்றிக் கியர் சேரச் செய்யும் அமைப்பு) கிடையாது, நின்றபின் போட்டால் சத்தம் வராது. பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் கிட், நான்கு வீலுக்கும் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ் அனைத்தும் புதிது, இதில் பேரமில்லை. டயர் 5.90-15. கோடு எவ்வளவு இருந்தாலும் நின்று வெடித்த டயரில் ஓட்டக்கூடாது. வயரிங்கை எலி கடித்திருக்கும். ஒட்டுப்போடாமல் முழு செட் மாற்றுவதே தீ விபத்தைத் தவிர்க்கும். சீட்டுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் ரப்பர் ஏற்றிய தென்னைநார் மெத்தையை ஸ்பிரிங் மேல் வைத்தால் ஃபோமைவிட நன்றாக வடிவம் நிற்கும். பம்பருக்குக் குரோமியம் போடக் கொடுக்கும்போது செம்பு, நிக்கல், குரோமியம் மூன்றும் கேளுங்கள். நிக்கல் மெலிந்தால் ஒரே மழையில் புள்ளி விழும்.

காகிதத்தை விலை பேசும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பென்சில் தேய்த்துக் காகிதத்தில் அச்சு எடுங்கள். அம்பாசடரில் என்ஜின் மாற்றுவது சகஜம், மாற்றியதைப் புத்தகத்தில் ஏற்றாமல் விடுவதும் சகஜம். 1989-க்கு முந்தைய பழைய எண் வண்டிகள் பல, அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் இணையதளத்தில் ஏறியிருக்காது. உரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றினால்தான் பெயர் மாற்றமே நகரும். உரிமையாளர் உயிரோடு இருந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அப்பாரு பெயரிலேயே இருந்து அவர் காலமாகியிருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு வர வேண்டும், பிறகுதான் உங்களுக்கு. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடச் சம்மதமா என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு மகள் வெளிநாட்டில் இருந்தால் அதற்கே மாதங்கள் போகும். வேறு மாவட்ட எண் என்றால், எடுத்துக்காட்டாக ஈரோட்டு டி.என். 33 வண்டியைப் பொள்ளாச்சி டி.என். 41 அலுவலகத்துக்குக் கொண்டுவருவதானால், மாற்றத்துக்கு என்னென்ன கேட்பார்கள் என்பதை இரண்டு அலுவலகத்திலும் விசாரியுங்கள். பாங்க் கடன் குறிப்பு இருந்தால் அது எவ்வளவு பழையதானாலும் படிவம் 35 இல்லாமல் நீங்காது.

பதிவு 15 ஆண்டுக்கு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பு. 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. அதோடு பசுமை வரி, தாமதக் கட்டணம் இவையும் உண்டு. கிடப்பில் போன ஆண்டுகளுக்கு மொத்தம் எவ்வளவு என்று கவுன்ட்டரில் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். பதிவாகி 50 ஆண்டான வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி உண்டு, கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அதில் தினசரி ஓட்டம் கூடாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். மார்க் 4-க்கு அந்த வயது 2029-ல்தான் தொடங்கும். குடும்பத்தோடு பழனிக்கும் மருதமலைக்கும் போய்வர ஆசைப்படுபவர் வழக்கமான புதுப்பிப்பிலேயே இருக்கட்டும்.

மற்ற வகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் அம்பாசடர் மலிவாகக் கிடைக்கும். அதிர்வு பாடி வெல்டிங்கைத் தளர்த்தியிருக்கும், வாடகைக்கு ஓடித் தேய்ந்தும் இருக்கும். தவிர்க்கலாம். இசுசு என்ஜினோடு வந்த 1800 வண்டி ஓட்டத்தில் எல்லாவற்றையும் விட மேல், ஐந்து கியர், நீண்ட பயணத்துக்கு ஏற்றது. தினமும் ஓட்டவேண்டும் என்பவர் அதையே தேடலாம். மார்க் 2 தான் அழகு, அதன் கட்டம் போட்ட கிரில் முழுசாகக் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம், தனியாகத் தேடி எடுப்பது கடினம்.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்தபின் முதல் 500 கிலோமீட்டர் 60-க்கு மேல் விரட்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல் ஓட்டுங்கள். பிறகு சூடு ஆறிய என்ஜினில் ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி முறுக்கி, டேப்பட் பார்த்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். வடித்த பழைய ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் மினுக்கு லேசாக இருந்தால் ரிங் அமர்ந்துகொண்டிருக்கிறது. செம்புத் துகள் தெரிந்தால் அன்றே என்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.